பருப்புக்கு மூணு விசில்

போன லாங் வீக்கெண்டில், ஆறடி உயர மனிதர் ஒருவரை என் மனைவி ஸ்டெல்லா தரையில் விழவைத்துவிட்டாள். கைகூட ஓங்கவில்லை. பருப்பு வேகவைத்தாள், அவ்வளவுதான். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

நான் ஒரு கேம்பிங் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடுமாம்; ஆபீஸில் ஒய்-டூ-கே வேலை என்று பிழிந்து எடுக்கிறார்கள். மூன்று நாள் லீவு கிடைத்ததே பெரிய விஷயம். நாங்கள் குடியிருக்கும் ரவுண்ட் ராக் ஊரைச் சுற்றி எந்தப் பார்க்கிலும் கூடாரம் போட இடமில்லை. எங்கோ ஒரு மைதானத்தில் மூன்று நாள் ஷோ, கேம்பிங்கும் உண்டு என்று கேள்விப்பட்டேன். உடனே கிளம்பிவிட்டேன். என்ன ஷோ என்று விசாரிக்க வேண்டாமோ? விசாரிக்கவில்லை!

போய் இறங்கினால்... எங்கு பார்த்தாலும் பழைய ராணுவ வண்டிகள்! ஜீப், லாரி, ஆம்புலன்ஸ், நடுவில் நிஜ டாங்கி. எல்லாம் ஆட்கள் ஆசைக்கு வாங்கி, ரிப்பேர் பார்த்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தவை.

"என்னங்க இது, கேம்பிங்னு சொல்லிட்டுப் போர்க்களத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் பெயர் பில். வெள்ளைத் தாடி, வெடிச் சிரிப்பு. வியட்நாமில் சண்டை போட்டவர். நான்கு வருஷம் மாடாய் உழைத்து ஒரு ஓட்டை ஜீப்புக்கு உயிர் கொடுத்திருந்தார். மறுநாள் மதியம் பரேடில் அந்த ஜீப்தான் முதலில் போகப்போகிறது. சொல்லும்போதே முகத்தில் அப்படி ஒரு பெருமை! சொல்லிக்கொண்டே ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினார். ஸ்டெல்லா துள்ளிப் போய் கரண்டியைக் கீழே போட்டாள். மனிதர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மாலையில் மைக்கில் அறிவித்துவிட்டு டாங்கி குண்டில்லாமல் வெற்று வெடி வெடித்தது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். பில் தன் பாட்டுக்கு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. ஸ்டெல்லா கேஸ் ஸ்டவ்வில் குக்கரை வைத்தாள். கேம்பிங்குக்கு யாராவது குக்கர் கொண்டுபோவார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் கூடாரம் மறந்தாலும் குக்கர் மறக்காது.

முதல் விசில் வந்தது.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பில்லைக் காணோம்! காபி கப் மட்டும் புல்லில் உருண்டு கிடந்தது. குனிந்து பார்த்தேன். ஜீப்புக்கு அடியில், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தார். ஹார்ட் அட்டாக்கோ? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் இரண்டாவது விசில். அவர் உடம்பு தூக்கிப் போட்டது.

"ஐயோ மாதாவே! ஸ்டவ்வை ஆஃப் பண்ணுங்க!" என்று ஸ்டெல்லா அலறினாள்.

வெளியே வர அவருக்கு வெகுநேரமானது. வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் பரேடுக்குப் போகப்போவதில்லை. கூட்டத்தில் எவனாவது விசிலடித்தால்? அத்தனை பேர் முன்னாலும் இப்படியா விழுவது?" என்றார்.

ஸ்டெல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாலு வருஷ உழைப்புங்க! நம்ம பருப்பால கெட்டுப்போகணுமா? போய் ஏதாவது பேசுங்க!"

நான் என்னத்தைப் பேசுவது? அவளே குக்கரைத் தூக்கிக்கொண்டு போய், மூடியைத் திறந்து காட்டினாள்.

"ஸாரி பிரதர். ஒன்லி தால்."

அவர் உள்ளே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "பருப்பா? பருப்புக்கா நான் விழுந்தேன்?" சிரித்தாரா அழுதாரா, எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"நேற்று டாங்கிக்கு அசையவே இல்லையே நீங்கள்?" என்று கேட்டேவிட்டேன்.

"அதை மைக்கில் சொல்லிவிட்டு வெடித்தார்கள். சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை. வியட்நாமில் குண்டு விசிலடித்துக்கொண்டுதான் வரும். அங்கே எவனும் எங்களிடம் சொல்லிவிட்டு வெடிக்கவில்லை" என்றார்.

ஊரிலிருந்து அகால வேளையில் வரும் போனுக்கு நம் எல்லாருக்குமே இப்படித்தானே தூக்கிப்போடுகிறது?

மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி குக்கர் வைக்கப் பயந்தோம். அவர்தான் வைக்கச் சொன்னார். ஸ்டெல்லா ஸ்டவ்வுக்கும் ஜீப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு, "பில் பிரதர்! விசில் கமிங்! த்ரீ!" என்று கத்தினாள்.

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒன்று... இரண்டு... மூன்று. முகமெல்லாம் வியர்வை. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு, ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பரேடில் முதல் வண்டி அவருடையதுதான். கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். பில்லின் தோள் ஒருமுறை குலுங்கியது. ஆனால் ஜீப் நிற்கவில்லை.

எங்களுக்கு நேரே வந்தபோதுதான் நிறுத்தினார். ஸ்டெல்லாவைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி, "மேடம்... ஹாரன்!" என்று கத்தினார்.

அவள் காதைப் பொத்திக்கொள்ளும் வரை காத்திருந்து, அப்புறம்தான் அடித்தார்.