ஆத்துல எத்தன அடி தண்ணி?

நாள் முழுக்க அடுத்தவன் கதவத் தட்டிகினே இருந்து, அவன் திறக்கலன்னா நாம திட்டு வாங்கற தொழில் ஒண்ணு இருக்கு. அதுலதான் நான் சோறு தின்றேன். உங்கள்ல யாராவது இணையத்துல போய் தகவல் கேட்டு வாங்கற புரோகிராம் எழுதறவங்களா இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க, ஒண்ணா பொலம்பலாம். மத்தவங்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்லிடறேன்.

வில்லியனூர்ல ஒரு உரக்கடை மாடியில எங்க ஆபீஸ். பெண்ணையாத்துல எத்தன அடி தண்ணி ஓடுதுன்னு பாகூர் பக்கத்து விவசாயிங்க போனுக்கு மெசேஜ் அனுப்பறோம். அளவு நாங்க எடுக்கறதில்ல. அது ஒரு வலைத்தளத்துல வரும். என் புரோகிராம் அங்க போய் கேக்கும், வந்த பதில்ல இருந்து நம்பர எடுத்து அனுப்பும். நான் படிச்சது புள்ளியியல். எனக்குத் தெரிஞ்ச ஒரே கம்ப்யூட்டர் மொழி 'ஆர்', அந்த ஒத்த இங்கிலீஷ் எழுத்துதான் அதுக்குப் பேரு. ஆராய்ச்சி பண்றவங்க கணக்கு போடறதுக்குன்னு செஞ்சது. சராசரி கேட்டா சொல்லும், கோடு கோடா படம் கேட்டா அழகா போடும். வெளிய போய் நாலு பேர விசாரிச்சுகினு வாடான்னா மட்டும், கல்யாண வூட்டுல யாரையும் தெரியாத ஆள் மாதிரி ஓரமா நிக்கும். அத வச்சுகினுதான் காலம் தள்றேன்.

ஹார்டுவேர் கடையில

எங்க மெசேஜ் வாங்கற செல்வராசு அண்ணனுக்கு ஆத்தோரத்து ஊரு. வேலை தவளக்குப்பத்துல, ஹார்டுவேர் கடையில. காலையில ரெண்டு கறவ மாட்டையும் ஆத்துப் படுகைக்கு ஓட்டிப் போய், மொள அடிச்சு, நீளக் கவுத்துல கட்டிட்டு வேலைக்கு வந்துடுவாரு. சாயங்காலம் போய் அவுத்துகினு வருவாரு. அந்தப் பக்கம் பாதி ஜனம் அப்படித்தான். படுகையில புல்லு நல்லா இருக்கும், மாடு தானா மேயும். மேல அணையத் திறந்துட்டா மட்டும்தான் வம்பு. கட்டிப்போட்ட மாடு எங்க ஓடும்?

அந்தப் பால்லதான் அவர் வூடு நடந்துச்சு. தண்ணி ஏறுதுன்னு மெசேஜ் வந்தா கடையில சொல்லிட்டு ஓடிடலாம்னு எங்ககிட்ட நம்பர் குடுத்தாரு. நான் பெருமையா என் வேலைய விளக்கினேன். வலைத்தளம், கேள்வி, பதில் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, பைப்ப வெட்டிகினே அவர் கேட்டது: "அப்ப ஆத்த நீ பாக்கறதே இல்லியா தம்பி?"

இருநூறு

வலைத்தளத்துகிட்ட கேட்டா மொதல்ல ஒரு நம்பர் வரும். நானூத்தி நாலுன்னா, நீ கேக்கறது இங்க இல்ல. ஐநூத்தி மூணுன்னா, எங்களுக்கே முடியல போ. இருநூறுன்னா, எல்லாம் நல்லபடியா இருக்கு, இந்தா பதில். இருநூறப் பாத்தா நமக்கெல்லாம் மனசு குளுந்துடும். அதுதான் நாசமாப் போனது.

ஒருநாள் இருநூறு வந்துச்சு. ஆனா வந்த பக்கத்துல ஆத்து அளவு இல்ல. பராமரிப்பு வேலை நடக்குது, 24 மணி நேரத்துல சரியாயிடும்னு ஒரு அறிவிப்பு. எம் புரோகிராமுக்கு எழுத்தப் படிக்கத் தெரியாது, நம்பரத்தான் தேடும். இருபத்தி நாலு கெடச்சுது. ஆத்துல இருபத்தி நாலு அடி தண்ணின்னு அத்தன பேருக்கும் அனுப்பிடுச்சு. மதிய வெயில்ல ஜனம் மோட்டாரக் கழட்டித் தோள்ல தூக்கிகினு ஓடுச்சு. கடையில சாமான் வாங்க வந்தவங்கள அப்படியே நிக்க வச்சுட்டு செல்வராசு அண்ணனும் ஓடினாரு. கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. கோவமாக் கூட பேசல. "தம்பி, ஆத்துல நின்னுகினுதான் பேசறேன், கெண்டக்காலு கூட நனையல."

தகவல் இல்லை

அதுக்கப்புறம் நான் உஷாராயிட்டேன். பதில் கொஞ்சம் கோணலா இருந்தாலும் நம்பர் அனுப்பாம, 'தகவல் இல்லை'ன்னு அனுப்பற மாதிரி மாத்தினேன். எங்க கணக்குல தெரியாதத தெரியாதுன்னே எழுதி வைக்க வழி இருக்கு. நல்ல பழக்கம்னு காலேஜுல சொல்லிக் குடுத்திருக்காங்க.

நல்ல பழக்கத்துக்கு நாட்டுல மரியாதை இல்ல. வாரத்துல பாதி நாள் அந்த வலைத்தளம் படுத்துக்கும். ஆபீஸ்ல போன் எடுக்கற விஜிக்கு காது வலிச்சுது. "தகவல் இல்லன்றதுக்கு ஒரு தகவலா?"ன்னு ஒருத்தர் கேட்டத முதலாளிகிட்ட அப்படியே சொல்லிடுச்சு. எங்க முதலாளி சிவநேசன் சார் என்னைக் கூப்பிட்டாரு. பதில் வரலன்னா கடைசியா வந்த அளவையே திரும்ப அனுப்புன்னாரு. அது பழைய அளவு சார், ஆறு அதுக்குள்ள ஏறியிருக்கும்னேன். அடியில ஒரு வரியாவது, இது எப்ப எடுத்த அளவுன்னு போடலாம்னேன். எதுக்கும் அசையல. சொன்னது இதுதான்: "ஜனங்களுக்கு நம்பர் வேணும்பா, நம்பரக் குடு."

குடுத்தேன்.

நாலு அடி

ஐப்பசி மழை புடிச்சுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேளுன்னு சார் உத்தரவு. நம்மளப் போலவே ஊர்ல எல்லாரும் அந்த ஒரு கதவத்தான் தட்டறாங்க. ஒருநாள் காலையில நாலு அடின்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் நானூத்தி இருவத்தொம்பது. நீ ரொம்ப கேக்கற, அப்புறம் வான்னு அர்த்தம். அப்புறம் எத்தன தடவ கேட்டும் அது வாயத் திறக்கல. எம் புரோகிராம் மட்டும், பாவம், சொன்ன சொல் தட்டாம நாலு அடி, நாலு அடின்னு அனுப்பிகினே இருந்துச்சு.

மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து பாத்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. வலைத்தளத்துக்காரங்க போன் எடுக்கல. சார்கிட்ட சொன்னா, கொஞ்சம் வெய்ட் பண்ணு, பாத்துக்கலாம்னாரு. நான் வெய்ட் பண்ணல. விஜி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆத்தோரத்து நம்பருக்கெல்லாம் போட ஆரம்பிச்சோம். நான் மொதல்ல போட்டது செல்வராசு அண்ணனுக்கு. அண்ணே, காலையில இருந்து எங்களுக்கு அளவே வரல, போய் மாட்ட அவுத்துடுங்கன்னேன். போன தடவ ஓடினது ஞாபகம் வந்திருக்கும். அவர் கேட்டாரு: "இப்பதான்பா உங்க மெசேஜ் வந்துச்சு, நாலு அடின்னு போட்டுக்குது, நீ இன்னா வேற மாதிரி சொல்ற?"

படுகை

மெசேஜ எழுதினவன் நான். எம் பேச்ச விட எம் மெசேஜத்தான் அவர் நம்பினாரு. நான் கெஞ்சினதுக்கப்புறம் கிளம்பினாரு. போய்ச் சேர்றதுக்குள்ள படுகையே தெரியாம தண்ணி மூடிடுச்சு. மொளயப் புடுங்கிகினு ஒரு மாடு தானா கரையேறி வந்து நின்னுச்சு. இன்னொண்ணு சினை. அதுக்குன்னு மொளய கெட்டியா அடிச்சிருந்தாரு.

தண்ணி வடிஞ்சதும் அவர் வூட்டுக்குப் போனேன். போகாம இருக்க முடியல. அடி விழுந்தாலும் வாங்கிக்கலாம்னுதான் போனேன். அவர் என்னைப் பாத்து, உக்காரு தம்பின்னுட்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போயிட்டாரு. அங்க ஒத்த மாடு நின்னுச்சு. அவர் சம்சாரம் அஞ்சலை அக்கா டீ குடுத்தாங்க. புரோகிராம் எப்படி ஓடுச்சு, எங்க நின்னுச்சுன்னு நான் உளறிகினு இருந்தேன். அவங்களுக்கு அது எதுவும் வேண்டியிருக்கல. அன்னிக்குக் காலையிலயே ஆத்துச் சத்தம் வேற மாதிரி இருந்துச்சாம். புருஷனுக்குப் போன் போட்டுக் கேட்டாங்களாம், அவர் மெசேஜப் பாத்து நாலு அடிதான், பேசாம இருன்னாராம். வூட்டுல இருந்து படுகை கூப்பிடு தூரம். டம்ளர என் கையில இருந்து வாங்கிகினே சொன்னாங்க: "தெரியலன்னு போட்டிருந்தா நானே போயி அவுத்துகினு வந்திருப்பனே தம்பி."

இந்தத் தொழில்ல தெரியும்னு சொல்றதுக்குத்தான் சம்பளம். தெரியலன்னு சொன்னா சீட்டு கிழிஞ்சிடும்.