அடைக்கோழிக்கு மெயில் வந்தது

என் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் அடைக்கோழி. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் இரண்டு இன்குபேட்டர், அவற்றுக்குள் தட்டுத் தட்டாக முட்டை. சூடு இறங்கினால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும் என்று அவள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டாள். கல்யாணமோ சாவோ, எதற்கும் அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமாதான் தனியாகப் போவார். "அவளுக்கு உடம்பு முடியல" என்று அவர் சொல்லிச் சொல்லியே, சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அக்காவைத் தீராத நோயாளி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நோயாளியாம்! முட்டைத் தட்டை ஒற்றைக் கையில் தூக்குகிறவள்.

அவள் மகள் வாலிபால் ஆடுகிறவள். எத்தனையோ ஆட்டம் ஆடிவிட்டாள், அம்மா ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இந்த முறை அவள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. தேதியைச் சொன்ன கையோடு அந்தப் பெண் ஒன்று சொன்னாள்.

"நீ வரேன்னு மட்டும் சொல்லாதம்மா. வந்தா வா."

அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "இந்தத் தடவை போயே தீருவேன்டி" என்று என்னிடம் சபதம் போட்டாள். மாமாவின் தம்பி அடுத்த தெருவில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று அவர் வலிய வந்து சொன்னார். "நீங்க உங்க மோட்டாரப் பாருங்க தம்பி" என்று அனுப்பிவிட்டாள். முட்டை விஷயத்தில் அவள் யாரையும் நம்பமாட்டாள்.

கொட்டகையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. இன்குபேட்டரின் சூட்டை அளந்து, குறைந்தால் கீச்கீச்சென்று கத்தும். அதைக் கேட்கத்தான் அக்கா அங்கேயே கிடந்தாள். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு வழி சொன்னார்.

"கத்துறதோட மெயிலும் போட வைக்கலாம்மா. இந்தக் கிழட்டுப் பொட்டியில பெரிசா எதுவும் ஓடாது. கறுப்புத் திரையில டைப் அடிச்சே மெயில் அனுப்புற சின்ன புரோகிராம் ஒண்ணு இருக்கு. செட்டிங் எல்லாம் ஒரே ஃபைல்தான். நாலு வரி. நீங்களே எழுதிக்கலாம்."

நாலு வரி என்று வாயால் சொல்வது சுலபம். முதல் தடவை எழுதிச் சேமித்ததும் ஃபைலையே காணோம். "கண்ணு முன்னாடியே மாயமாப் போச்சுடி" என்று அலறினாள். பெயர் புள்ளியில் தொடங்கினால் ஃபைல் சாதாரணமாகப் பட்டியலில் தெரியாதாம். அதைக் கடைக்காரர் போனில் சொல்வதற்குள் அக்கா இரண்டு முறை திருப்பி எழுதிவிட்டாள்.

யார் பெயரில் அனுப்புவது, எந்த சர்வர் வழியாக, பாஸ்வேர்ட் என்ன என்று வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு செல்லப்பெயர் வரி. ‘கோழி’ என்றால் அக்காவின் முகவரி என்று ஒரு முறை எழுதிவிட்டால், அப்புறம் ‘கோழி’ என்று போட்டாலே போதும்.

"கோழின்னு நீங்க வெச்ச பேருதானே, அது இங்கயாவது உதவட்டும்" என்றாள்.

அனுப்பினாள். சர்வர் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. அக்கா தன் முகவரியைச் சந்தேகப்பட்டாள். கோழி என்று இன்னொரு வரி போட்டு என் முகவரியை எழுதினாள். அதற்கும் முடியாது. அதற்குக் கீழே மாமா முகவரி, அதற்கும் கீழே மாமாவின் தம்பி முகவரி, கடைசியில் மறுபடி தன்னுடையது. பழைய வரி எதையும் அழிக்கவில்லை. இன்குபேட்டர் கதவில் மாட்டிய சிலேட்டில் அவள் அப்படித்தான் எழுதுவாள். சூட்டை மாற்றினால் புது அளவைக் கீழே எழுதுவாள், கடைசி வரிதான் கணக்கு.

கோளாறு முகவரியில் இல்லை. இந்த மாதிரி புரோகிராமுக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்ட் வாங்க வேண்டுமாம். வாங்கிப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். அவள் போன் ‘டிங்’ என்றது. கொட்டகையே அதிரக் குதித்தாள்.

"கோழி கூவிடுச்சுடி!"

"கோழி எங்கயாவது கூவுமாக்கா? சேவல்தான் கூவும்."

"என் கோழி கூவும்!"

என் போனிலும் ‘சோதனை’ என்று ஒரு மெயில் கிடந்தது. இவள் அடித்த கூத்தில் ஏதோ ஒன்று தவறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்தன்று கொட்டகையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, என்னோடும் மாமாவோடும் அக்கா நிஜமாகவே வந்துவிட்டாள். முட்டைகள் பொரிக்கிற பருவத்தில் இருந்தன. "இவ்வளவு தூரத்துல மெயில் வந்து நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "ஓடுவேன்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

மைதானத்தில் போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு செட். கடைசி செட்டிலும் புள்ளிகள் சமம். பந்து எங்கள் பெண் கையில். எதிரணி அரை நிமிஷம் இடைவேளை கேட்டிருந்தது. சர்வ் போடப் போகுமுன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

அப்போது அக்காவின் போன் ‘டிங்’ என்றது. சூடு இறங்குகிறது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கீழே அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். 

உடனே என் போனும் ‘டிங்’ என்றது. மாமாவின் போனும்.

"எனக்கு எதுக்கு வருது?" என்று மாமா விழித்தார். அதற்குள் அக்காவின் போன் அடித்தது. மாமாவின் தம்பி.

"அண்ணி, நான் கொட்டகையிலதான் இருக்கேன். ஹீட்டர் ஒயர் கழண்டு கிடந்துச்சு, மாட்டிட்டேன். சூடு ஏறுது. பூட்டை உடைச்சுட்டேன், அதுக்கு அப்புறமாத் திட்டுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"நீங்கதானே மெயில் போட்டீங்க? வந்து கால் மணி நேரமாச்சே. முட்டைய நான் பாத்துக்கறேன். நீங்க புள்ளையப் பாருங்க."

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உக்காந்துட்டேன்டி! நீ போடு!" என்று அவள் கத்திய கத்தலுக்கு மைதானமே திரும்பியது. அந்தப் பெண்ணும் திரும்பினாள். சிரித்தாள். போட்டாளே ஒரு சர்வ்! எதிரணியில் ஒருத்தி கைகூட அதில் படவில்லை.

இரண்டு நாளில் குஞ்சுகள் பொரித்தன. கடைக்காரர் வந்து ஃபைலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரே பேர்ல திரும்ப எழுதினா பழசு போகாதும்மா, கூடச் சேரும். கோழின்னா இப்ப நாலு பேரு. மத்த மூணையும் எடுத்துடவா?"

"தொடாதீங்க" என்றாள் அக்கா.

மகள் வந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கோழி என்று கீழே இன்னொரு வரி அடித்து, அதில் தன் முகவரியை எழுதிச் சேமித்தாள்.