டெரிக் பிக்கர்ஸ்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்

பேக்கன் பொட்டலத்தை டெரிக் பிக்கர்ஸ்கில் கடை ஜன்னலின் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார், எக்ஸ்ரே படம் பார்க்கும் டாக்டரைப் போல. பிறகு தீர்ப்பு வருகிறது.

“இந்தப் பக்கம் நான் நிக்கறேன். அந்தப் பக்கம் நீ நிக்கற. நடுவுல பன்னி இருக்கு. ஆனா உன் மூஞ்சி எனக்குத் தெளிவாத் தெரியுது. இதுக்குப் பேரு பேக்கனாம்மா?”

கறிப் பகுதியில் நிற்கும் பெண்ணுக்கு அவர் பேசுவது ஒரு சொல்லும் புரியாது. சிரித்துத் தலையாட்டுகிறாள். “பாரு, அவளே ஒத்துக்கறா,” என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைக் கூடைக்குள் போட்டுக்கொள்கிறார். வாராவாரம் அதே தீர்ப்பு. வாராவாரம் அதே பொட்டலம்.

அடுத்தது பால். ஸ்பெயின் கடைகளில் பால் குளிர்பெட்டியில் இருப்பதில்லை. சலவைத்தூளுக்குப் பக்கத்து அலமாரியில், அட்டை டப்பாக்களுக்குள் மாதக்கணக்கில் தவம் இருக்கிறது. டெரிக் ஒரு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்க்கிறார். “கெட்டுப்போற உரிமைகூட பாலுக்குக் கிடையாதுன்னா, என்னய்யா நாடு இது?”

இங்கிலாந்தின் ஓல்டமில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலைக்காலம் முழுவதும் மேலும் கீழும் போய்வந்தவருக்கு, ஓய்வு பெற்றதும் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து பார்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது. மனைவி ஹேஸலோடு அலிகாந்தேக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள் வாழும் எங்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். செருப்புக்குள் சாக்ஸ் போடுவார். முழங்கால் இரண்டும் சுட்ட செங்கல் நிறம். கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைத்திருப்பார். அதை மடிப்புக் கலையாமல் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் வித்தை எங்களில் வேறு யாருக்கும் கைவரவில்லை.

ஒப்பிடும் வியாதி எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. லோர்னாவும் அவள் கணவன் கிளைவும் நடத்தும் ‘நொண்டி நரி’ பப்பில் மதியம் போய் உட்கார்ந்தால் வேறெதுவும் காதில் விழாது. தக்காளி இங்கே மேல். உருளைக்கிழங்கு அங்கே மேல். மருந்துக் கடைக்காரன் இங்கே மேல். இரும்புக் கடைக்காரன் அங்கே மேல். மதியம் இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்களே என்று எல்லோரும் சேர்ந்து கோபப்பட்டுவிட்டு, நாங்களும் போய்த் தூங்குவோம். வெயிலைப் பற்றி மட்டும் யாரும் வாதம் செய்வதில்லை. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். வந்த நாளிலிருந்து திரையை இழுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஊருக்குள் இருக்கும் ஸ்பானிய பாருக்கு டெரிக் ஒரு தடவை வந்தது நினைவிருக்கிறது. பீர் வந்த கிளாஸின் அளவைப் பார்த்து, “மருந்து எதுக்கு? எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்றார். கூடவே சின்னத் தட்டில் ஆலிவ் காயும் நெத்திலியும் வந்தன. கேட்காமலே வந்தவற்றை அவர் தொடவில்லை. “சும்மா குடுக்கறான்னா உள்ள என்னமோ இருக்கு.” எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் காசு வாங்குகிறார்கள் என்பது அவரை உலுக்கியே விட்டது.

“நான்பாட்டுக்கு எழுந்து போயிட்டா என்ன செய்வான்?”

“நீ எங்கப்பா போவ?” என்றான் கிளைவ். “கார் வரைக்கும் ஓடறதுக்கே நீ ரெண்டு எடத்துல உக்காரணும்.”

டெரிக் எதைக் குறை சொன்னாலும் அளவுகோல் ஒன்றுதான்: ஓல்டமில் அவர் தெருமுனையில் இருந்த ‘வெள்ளைக் கலப்பை’ பப். அங்கே பீர் இப்படிப் பல்லைக் கூசவைக்காது. அங்கே டிவி அலறாது. அங்கே குழந்தைகள் நாற்காலிக்கடியில் ஊர்ந்து வராது. அந்த வெள்ளைக் கலப்பை மூடிப்போய் வெகுகாலம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் மனிதர்களைப் படுக்கவைத்து, விளக்கு போட்டு, வெயிலில் காய்ந்த நிறம் வரவழைக்கும் கடை நடக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது டெரிக் அதன் வாசலில் வெகுநேரம் நின்றிருந்தாராம். ஹேஸல்தான் சொன்னாள். அந்தப் பயணத்தில் அவர் வாய் ஓயாமல் ஸ்பெயினைப் புகழ்ந்திருக்கிறார். “இதெல்லாம் ஒரு தக்காளியா? தண்ணி ரொப்பின பலூன். எங்க ஊருக்கு வந்து பாருங்க.” ஓல்டம்காரர்களிடம் அவர் ‘எங்க ஊர்’ என்று சொன்னது எங்கள் ஸ்பானியக் குடியிருப்பை. திரும்பி வந்த மறுநாளே மறுபடியும், “கலப்பையில எல்லாம்...” என்று ஆரம்பித்தார். ஒருவரும் மறுக்கவில்லை. இல்லாத கடையில் குறை கண்டுபிடிக்க யாரால் முடியும்?

ஹேஸல் வேறு மாதிரி. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் காய் வாங்கி வாங்கியே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டவள். எதையும் எதனோடும் ஒப்பிட மாட்டாள். அத்திப்பழம் அவளுக்கு அத்திப்பழம்தான். இந்த ஊரை எங்களில் ஒருவர் விட்டுப் போகிறார் என்றால் அது டெரிக்காகத்தான் இருக்கும், கடைசிவரை இருக்கப்போவது ஹேஸல்தான் என்று பப்பில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போன குளிர்காலத்தில் சந்தைப் படிக்கட்டில் ஹேஸல் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், எலும்பு நன்றாகவே கூடியது.

ஆஸ்பத்திரி என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது டெரிக்கின் தலைமுறைக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். மதியம் இரண்டு மணிக்குப் பார்வையாளர் உள்ளே போகலாம். நாலு மணிக்கு மணி அடிக்கும். வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் நிற்பவன் நர்சுகளுக்குத் தொல்லை கொடுக்கிறவன், படிப்பில்லாதவன். ஸ்பெயினில் அந்த மணி கிடையாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருக்கும். அது வீட்டாருக்கு. முறை வைத்துக்கொண்டு வந்து, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்கி, நோயாளிக்கு ஊட்டிவிட்டு, முகம் துடைத்து, தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியது அவர்கள் பாடு.

டெரிக் அந்த நாற்காலியை மெச்சிக்கொண்டார். “நம்ம ஊர்ல இப்படி ஒரு நாற்காலி தரவே மாட்டான்.” திராட்சைப்பழப் பையோடு தினமும் சரியாக இரண்டு மணிக்கு வந்து அதில் உட்கார்ந்தார். நாலு மணிக்கு எழுந்து, யாருக்கும் இடைஞ்சல் ஆகாமல் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, ஹேஸலின் நெற்றியில் முத்தமிட்டு, நர்சுக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செலுத்திவிட்டுக் கிளம்பினார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஸ்பானிய மூதாட்டி. அவள் மகள் எங்கார்னா முதல் நாள் சாயங்காலம் கேட்டாள்: “உங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி வேலையாக்கா?”

“ஆமா,” என்றாள் ஹேஸல்.

மறுநாள் எங்கார்னா எதுவும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சூப்பை மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். அதற்கு அடுத்த நாள் அந்தக் குடும்பம் ஹேஸலையும் தங்கள் முறைக்குள் சேர்த்துக்கொண்டது. யாரோ ஒரு மருமகள், ஹேஸலுக்குக் கடைசிவரை பெயர் பிடிபடாதவள், சுவரோரம் இருந்த நாற்காலியை மறுபடி கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இரவெல்லாம் அதில் தூங்கினாள்.

டெரிக் பப்பில் எங்களுக்கு அறிக்கை கொடுத்தார். “சூப்பு பரவால்ல. கிரேவிதான் கிடையாது. நர்சுங்க தங்கம். ஆனா அந்தப் பக்கத்துக் கட்டில் குடும்பம் இருக்கே, எந்நேரமும் அங்கயேதான். வீடு வாசல் இல்லாத மாதிரி.”

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த பிறகு, சந்தைக்குப் பக்கத்து பெஞ்சில் வைத்து ஹேஸல் என்னிடம் சொன்னாள், இங்கிலாந்தில், மோர்கம்பில் இருக்கும் அக்காவிடம் போகப்போவதாக. திரும்பி வரப்போவதில்லையாம்.

“டெரிக்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன். ‘ராத்திரி இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனே ஹேஸல்’னாரு. பொய் சொல்லல அவரு. சொல்லியிருந்தா நிச்சயமா இருந்திருப்பாரு.” ஊன்றுகோலின் முனையால் ஒரு ஆரஞ்சுத் தோலைத் தள்ளிவிட்டாள். “அதான் சொல்லல.”

“அங்க போய் விழுந்தா மட்டும் என்ன மாறிடப்போவுது?”

“அங்க நாலு மணிக்கு எல்லாப் புருஷனும் கெளம்பிடுவான். யாரும் எனக்குன்னு தனியா சூப் ஊத்த மாட்டாங்க. பாவம்னு பாக்கவும் மாட்டாங்க. இங்கதானே வித்தியாசம் தெரிஞ்சுபோச்சு.”

ஹேஸல் இரண்டு ஊர்களை ஒப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டெரிக்கிடம் விசாரித்தேன். எதிரே இருந்த கிளாஸைத் துடைத்துக்கொண்டே பேசினார். “நானும் வரேன்னுதான் சொன்னேன். அக்கா வீட்ல ஒரே ரூமாம்.” துடைத்ததைக் கீழே வைத்துவிட்டு, “நேரம் முடிஞ்சா கெளம்பறதுதானே மரியாதை? நீயே சொல்லு,” என்றார். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பப்பில் அவர் வேறு கதை சொன்னார். “ஒரு வாரம்தான். அக்காவப் பாத்துட்டு ஓடி வந்துருவா.” அவ்வளவுதான், அதை இதை வாங்கிவரச் சொல்லி ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். எங்களில் யார் ஊருக்குப் போனாலும் பெட்டி காலியாகப் போகும், நிரம்பி வரும். அது இங்கே எழுதாத சட்டம். முன்பு பேக்கனும் சீஸும்கூட வந்துகொண்டிருந்தன. எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு கறியும் பால் பொருளும் உள்ளே கொண்டுவர முடியாது. ‘விலகு’ என்று டெரிக்கே ஓட்டுப் போட்டார், ஸ்பெயினில் உட்கார்ந்தபடி தபாலில். ஆகவே இப்போது சொல்லியனுப்புவது தேயிலை, கிரேவித் தூள், ஊறுகாய், லோர்னாவுக்கு எப்போதும் புதினா சாஸ். எல்லாவற்றுக்கும் டெரிக் தலையாட்டினார். “சொல்லிடறேன். அதுக்கென்ன, பெட்டி காலியாத்தானே போவுது.” எனக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். தலையாட்டும்போதெல்லாம் என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கிளம்பும் நாள் காலையில், வழக்கப்படி பப் வாசலில் கூடினோம். விமான நிலையத்துக்குக் காரோட்டுவது எப்போதும் கிளைவ்தான். ஹேஸல் நல்ல கோட்டு போட்டிருந்தாள். பெரிய நீலப் பெட்டி டெரிக்கின் காலடியில், நடைபாதையில் நின்றது.

“புதினாவ மறந்துடாத, கண்ணு,” என்று லோர்னா அவளைக் கட்டிக்கொண்டாள். “போன தடவ உன் ஆளு மாத்தி வாங்கிட்டு வந்துட்டான்.”

ஹேஸல் லோர்னாவின் தோளுக்கு மேலே டெரிக்கைப் பார்த்தாள். அவர் கார் கதவின் கைப்பிடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். “சரி லோர்னா,” என்றாள் ஹேஸல்.

கிளைவ் காரின் பின்கதவைத் திறந்துவிட்டு, ஊருக்குப் போகும் பெட்டிகளை எப்போதும் தூக்குவது போல இரண்டு விரலைக் கைப்பிடிக்குள் விட்டு இழுத்தான். பெட்டி அசையவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். இந்தத் தடவை முழுக்கையையும் போட்டான். பெட்டி தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பிவிட்டு தொப்பென்று உட்கார்ந்தது.

“என்ன ஹேஸல், இதுக்குள்ள டெரிக்க வெச்சிருக்கியா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. லோர்னாவின் கைகள் ஹேஸலின் தோளிலிருந்து மெல்ல இறங்கின. பெட்டியைப் பார்த்தாள், ஹேஸலைப் பார்த்தாள், பிறகு டெரிக்கைப் பார்த்தாள். எல்லோரும் டெரிக்கைத்தான் பார்த்தார்கள்.

“தள்ளுப்பா,” என்றார் டெரிக். கிளைவை ஒதுக்கிவிட்டு, கைப்பிடியை ஒற்றைக் கையால் பற்றினார். கழுத்து நரம்பு புடைக்க, உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய, அதைத் தரையிலிருந்து எழுப்பினார். எழுப்பியதோடு விடவில்லை. காலிப் பெட்டி இப்படித்தான் ஆடும் என்பது போல முன்னும் பின்னும் லேசாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, இன்னொரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, காரின் பின்பக்கத்தை நோக்கி நடந்தார்.