பதினோராம் மாடிக் கம்பு

துணி காயப்போடுவது முனீரா வீட்டில் தீராத பஞ்சாயத்து. சிங்கப்பூர் மார்சிலிங்கில், அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினோராவது மாடி. சமையலறை ஜன்னல் கிரில்லில் உள்ள சின்னக் கதவைத் திறந்து, ஈரத்துணி மாட்டிய மூங்கில் கம்பை வெளியே நீட்டி, சுவரில் உள்ள குழாயில் சொருக வேண்டும். தோள் கழன்று விழுந்துவிடும். ராத்திரியே துவைத்துக் கூடையில் வைத்துவிடுவாள். காலையில் மாட்டுவது யார் என்பதில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை.

அவள் கணவன் அதீஃபுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒரு மாதம் இரவு, ஒரு மாதம் பகல் என்று மாறி மாறி வந்ததில் தூக்கம் அவனுக்குப் பிடிபடாத ஒன்றாகிவிட்டது. அவன் எதை மாட்டினாலும் தலைகீழாகத்தான் மாட்டுவான். சட்டையின் கீழ் விளிம்பில் இரண்டு கிளிப், அவ்வளவுதான். தோள்பட்டையில் போடுங்கள் என்று ஆறு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். காதில் ஏறினால்தானே.

போன மாதம் அவனுக்குப் பகல் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் நன்றாகக் கத்திவிட்டுப் படுத்தார்கள். காலையில் பார்த்தால் துணியெல்லாம் வெளியே கம்பில். மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று முனீரா ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்து வைத்தாள். முட்டையைப் பார்த்த அதீஃப், துணியைப் போட்டதும் இவள், முட்டை வைப்பதும் இவள் என்று உருகிப் போனான். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு முறை இப்படியே நடந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் வந்த நல்ல புத்தி ஓடிவிடுமோ என்று இரண்டு பேரும் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று வயது மகன் அஃப்னான் ஜன்னலைக் காட்டி அழுதான். அவன் கட்டிக்கொண்டு தூங்கும் துணி யானை, கால்களில் கிளிப் போட்டு, வெட்டவெளியில் தலைகீழாகத் தொங்கியது. அதை யாரும் துவைக்கவே இல்லை.

“இது என்ன விளையாட்டு, மச்சான்?”

“நான் எங்க போட்டேன்? இப்பல்லாம் வெள்ளன எழுந்து போடுறது நீதானே?”

“நான் போடலியே.”

முனீராவுக்குப் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில், ஆங் மோ கியோவில் இருந்த அம்மா வீட்டில், தூக்கத்திலேயே எழுந்து லிஃப்ட் வரை நடந்து போனவள் அவள். அவள் அம்மா அந்தக் கதையைக் கல்யாண வீட்டில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதீஃபுக்கும் அதுதான் ஞாபகம் வந்தது.

“உனக்குத்தான் தூக்கத்துல நடக்குற பழக்கம் முன்னாடியே இருக்கே லா,” என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்றைக்கு யானை. நாளைக்கு யானையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவன். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

அன்றே கிரில் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவியைக் கயிற்றில் கோத்து அதீஃப் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவளுக்கு டாக்டரிடம் நாள் வாங்கினான். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை மகன் அவனோடு அறையில், முனீரா ஹாலில்.

“பயப்படாதே. சாவியும் என்கிட்ட, புள்ளையும் என்கிட்ட.”

அவளுக்குத் தூங்கவே பயமாக இருந்தது. தேக்காவில் அவள் வேலை செய்யும் துணிக்கடையில் பச்சைப் புடவை கேட்டவரிடம் நீலத்தை விரித்துக் காட்டினாள். கூட வேலை செய்யும் கதீஜா, “என்னக்கா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?” என்று கேட்டதற்கு, தலைவலி என்றாள். பெற்ற பிள்ளைக்கு நானே ஆபத்து என்று யாரிடம் சொல்வது? வெட்கமாக இருந்தது. ரயிலில் இடம் கிடைத்தாலும் கண் அசந்துவிடக் கூடாதென்று நின்றுகொண்டே வந்தாள். இரவில் துப்பட்டாவால் ஒரு காலைச் சாப்பாட்டு மேசையோடு கட்டிக்கொண்டு படுத்தாள்.

நான்காம் நாள் இரவு கண்ணை மூடவே இல்லை. மூன்று மணி இருக்கும், அறைக் கதவு திறந்தது. அதீஃப் வந்தான். தோளில் அஃப்னான் தூங்கிக்கொண்டிருந்தான்.

“என்ன மச்சான், புள்ளைக்குக் காய்ச்சலா?”

பதில் இல்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அது அவளைப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனான். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

யா அல்லாஹ்.

எழுந்தவளைத் துப்பட்டா இழுத்துக் கீழே தள்ளியது. அவளே இறுக்கிப் போட்ட முடிச்சு. நகத்தால் கிழித்தாள், பல்லால் இழுத்தாள். ஜன்னல் காற்று ஹால் வரை வந்தது. முடிச்சு விட்டதும் தவழ்ந்தும் விழுந்தும் ஓடினாள்.

திறந்த கிரில்லோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் பிள்ளை. மறு கையால் பிள்ளையின் பனியன் விளிம்பில் இரண்டாவது கிளிப்பை நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

கத்த வாயெடுத்தாள். கத்தினால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவான். உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் போனாள். பிள்ளையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டு, தினமும் பேசுகிற குரலில் சொன்னாள்.

“கொடுங்க மச்சான். இன்னிக்கு நான் காயப்போடுறேன்.”

“ம்,” என்று கொடுத்துவிட்டான்.

அவனைப் படுக்க வைத்து, கிரில் கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டாள். மகனை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அழுகை, கோபம், தப்பித்தேன் என்ற நிம்மதி, எல்லாம் ஒன்றாக வந்தது. அவன்மேல் பாவமாகவும் இருந்தது.

விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டாள். அதீஃப் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். மடியில் மகனைப் பார்த்துச் சிரித்தான்.

“விடிஞ்சதும் உன்கிட்ட ஓடி வந்துட்டானா? பாத்தியா, ராத்திரி நீ எழுந்திரிக்கவே இல்ல. என்கிட்ட இருந்தா புள்ள பத்திரம்னு சொன்னேன்ல?”

முனீரா மகனை அவன் பக்கம் திருப்பினாள். பனியனின் கீழ் விளிம்பில் இரண்டு கிளிப்பும் அப்படியே இருந்தன.

அதீஃப் குனிந்து அந்தக் கிளிப்புகளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அவன் கை மெதுவாகக் கழுத்துக்குப் போய்ச் சாவியைத் தேடியது.