அண்ணன் கேட்ட அடிச்சோறு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர் நினைவுக்காகக் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். இந்தக் கட்டுரையில் எலிக்கறி வரும். அது இந்த நினைவு மலரில் வரலாமா கூடாதா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நெல் அறுத்தவர்கள். அடுத்தடுத்து இருவரும் காலமானபோது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என்னையும் தம்பியையும் ஆளுக்கொரு வீட்டில் விட்டுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். "பிரிச்சு உட்டா ரெண்டும் அழுதே செத்துப்பூடும். நானே இட்டுனு போறேன்" என்றார் அண்ணன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரே அறையில் மூவரும் குடியேறினோம்.

எங்கள் சமையலறை அந்த அறையின் ஒரு மூலைதான். ஒரு திரி ஸ்டவ், ஒரு அலுமினியக் குண்டான், அதை மூட ஒரு தட்டு, ஒரு கரண்டி. ஆட்டுக்கறியெல்லாம் அடுத்தவர் வீட்டு விசேஷத்தில்தான். ஆனால் அறுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ஊருக்குப் போவார். வரப்பில் இருக்கும் வளைகளில் புகை போட்டு வயலெலி பிடிப்பார். நெல் தின்று கொழுத்த எலி. பிடித்துப் போனால் வயல்காரருக்கும் சந்தோஷம்.

ஆம்பூர் அறையில் எலியை வாட்ட முடியாது. மயிர் பொசுங்கும் நாற்றத்துக்கு வீட்டுக்காரம்மா எங்களையும் சேர்த்து விரட்டிவிடுவார். அதனால் அண்ணன் வயலிலேயே வைக்கோல் தீயில் வாட்டி, சுரண்டி, குடலெடுத்துக் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, வாழையிலையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். பக்கத்தில் உட்கார்ந்தவர் "இன்னாபா பொட்டலத்துல?" என்று கேட்டால் "மஞ்சாங்க" என்பார். அதில் பொய்யும் இல்லை.

எங்களிடம் அம்மி கிடையாது. பக்கத்து அறை பாய் வீட்டம்மா மிளகு, பூண்டு, காய்ந்த மிளகாயை அரைத்து உருட்டித் தருவார். "மசாலா எவ்ளோ ஜாஸ்தி வேணும்னாலும் கேளு. உங்க கறி மட்டும் என் அம்மி பக்கம் வரக் கூடாது, ஆமா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் தருவார்.

அண்ணன் திரியைத் தாழ்த்தி, சின்னத் தீயில் நிதானமாக வேகவைப்பார். பசியில் நாங்கள் பறந்தால் அதட்டுவார். "பெருசா எரிய உட்டா எலும்பு தனியா உதுந்துடும். ஊசியாட்டம் எலும்பு. தம்பி தொண்டையில மாட்டிக்கும்." நீர் சுண்டியதும் கறியைத் தட்டில் வழித்துவிட்டு, குண்டானைக் கழுவாமல், ஒட்டிய மசாலாவோடு தண்ணீர் ஊற்றி அரிசியைப் போடுவார். கஞ்சி வடிக்க மாட்டார். அளவாகத் தண்ணீர் வைத்து அதையும் சுண்டவிடுவார். கறி இருக்கும் தட்டுதான் குண்டானுக்கு மூடி. சோற்றின் ஆவியில் கறி ஆறாமல் இருக்கும்.

கறியும் மேல்சோறும் எனக்கும் தம்பிக்கும். அடியில் மசாலாவோடு பிடித்த சோற்றைச் சுரண்டி அண்ணன் சாப்பிடுவார். கறி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "எனக்கு அடிச்சோறுதான் புடிக்கும், போ பாப்பா" என்பார்.

அவரைத் தெய்வம் என்றெல்லாம் எழுத மாட்டேன். மூக்கு நுனியில் கோபம். டாக்டரிடம் போகச் சொன்னால் ஊரையே திட்டுவார். ஆனால் அந்தக் கோபக்காரர்தான் என்னை டீச்சராக்கினார், தம்பியை ஷூ கம்பெனியில் சேர்த்துவிட்டார், அதன் பிறகே அண்ணியைக் கைப்பிடித்தார். வேலைக்குப் போன பிறகு ஒருநாள் கேட்டேன்: "ஏண்ணா, கறியெல்லாம் எங்களுக்குப் போட்டுட்டு, புடிக்காததப் புடிக்கும்னு சொல்லித்தானே ஏமாத்துன?" அவர் சிரித்தார். "உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?" நான் நம்பவில்லை. பல வருடங்கள் நம்பவில்லை.

போன வருடம் இதே அறுப்புக் காலத்தில் அண்ணன் படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், ஒரு காலையில், "பாப்பா, எலிக்கறி ஆக்குறியா?" என்றார். தம்பி ஊருக்கு ஓடினான். அண்ணி வீட்டில் இல்லாத பாத்திரம் இல்லை. கறியை வாணலியில் பதமாக வேகவைத்தேன், சோற்றைக் குக்கரில் வைத்தேன். சமைக்கச் சமைக்கக் கழுவி வைப்பது எனக்கும் அண்ணிக்கும் பழக்கம். இனியாவது அண்ணன் வயிறாரக் கறி தின்னட்டும் என்று தட்டு நிறைய வைத்தேன்.

அண்ணன் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். பிறகு கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சோற்றைக் கிளறிப் பார்த்தார்.

"அடிச்சோறு இல்லியா? சட்டியக் கழுவிட்டியா பாப்பா?"

அவர் பொய் சொல்லவே இல்லை. எங்களுக்காகத் தொடங்கியதுதான் பிறகு பிடித்துப்போனதோ, முதலிலிருந்தே பிடித்ததோ, எனக்குத் தெரியாது. "நாளைக்கு ஆக்கித் தர்றேண்ணா" என்றேன். "சரி" என்றார். மறுநாள் அவருக்குத் தண்ணீரே இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் அண்ணன் இல்லை. அழுகைகூட வராமல், கழுவிக் கவிழ்த்திருந்த அந்த வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாயத்து இதுதான். அண்ணன் மகனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருக்கிறது. "அத்த, சம்பந்தி வீட்ல படிப்பாங்க. எலின்னு போடாத, காடைன்னு போட்டுடு" என்றான். காடையை வளையில் புகை போட்டா பிடிப்பார்கள் என்று கேட்டேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எழுதியதைப் படித்துப் பார் என்று அவனிடமே கொடுத்தேன். கடைசிவரை படித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்த, அந்தக் குண்டான் இன்னும் கீதா?" என்றான். என்னிடம்தான் இருக்கிறது என்றேன். "படையலுக்கு எடுத்துனு வா. எலின்னே போடு."

அண்ணனுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த ஷாப்பு நண்பர்களுக்கும், வரப்பில் வளை பறிக்க அன்றும் இன்றும் தடை சொல்லாத வயல்காரர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. பாய் வீட்டம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. இருந்தும் படையலுக்கான மசாலாவை நான்தான் அரைப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், அதே நிபந்தனையோடு. அவருக்கு என்ன கைம்மாறு செய்வோம்.

இம்மலரை வாங்கிக்கொள்ளும் அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். பந்தியில் உங்களுக்குப் பிரியாணி உண்டு, யாரும் பயப்பட வேண்டாம். அண்ணன் இலையில் மட்டும் அடிச்சோறு. குண்டானை இந்த முறை யாரும் கழுவப் போவதில்லை.