வெளங்குது மிஸ்

படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் வேன் ஓட்டுகிறவன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் தவறியதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் பேச வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய சீனக் கவிதைகளைத் தமிழில் கொண்டுவந்த ஒரு பேராசிரியரின் புத்தகத்தில், முன்னுரையில், என்னைப் பற்றி நான்கு வரி இருக்கிறது. பெயர் இல்லை, 'என் வேன் சாரதி' என்று மட்டும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு என்னைத் தெரிந்த இரண்டு மூன்று பேர், நீங்கள் அவருக்கு அப்படி என்ன உதவி செய்தீர்கள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் புத்தகம் பிழையோடு வெளியே போக இருந்தது. அதற்குக் காரணம் நான். அச்சுக்குப் போக ஒரு நாள் இருக்கும்போது அது நின்றது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு லேசாகிறது.

பேராசிரியரை நான் மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய குடும்பம் மாத்தளை டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். புலமைப்பரிசில் கிடைத்து இளம் வயதிலேயே சீனாவுக்குப் படிக்கப் போனார். பிறகு வெளிநாடுகளில் பல வருடம் அந்தக் கவிதைகளைக் கற்பித்தார். ஓய்வு பெற்றதும் பல்லேபொலவில் தகப்பனார் விட்டுப்போன தோட்டத்துக்கே வந்துவிட்டார். மிளகுக் கொடியும் கராம்பு மரமுமாக இருக்கும் அந்த வீட்டில், சாப்பாட்டு மேசை முழுவதும் அகராதிகள். சாப்பிடுவது சமையலறைப் படியில்.

வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் செவ்வாயும் வியாழனும் வகுப்பு எடுத்தார். காலை ஆறரைக்கு நான் வேனோடு போய் நிற்பேன். வகுப்பு முடியும் வரை மரத்தடியில் காத்திருந்து திரும்பக் கூட்டி வருவேன். சீன மொழி படிக்கிற பிள்ளைகள் அங்கே நிறைய. ஆனால் ஹோட்டல் வேலைக்கும் கம்பனி வேலைக்கும் கவிதை வேண்டியதில்லை. அதனால் மிஸ்ஸின் வகுப்பில் ஏழு பேர். ஒருமுறை அவர் மறந்துவிட்ட பையைக் கொடுக்க வகுப்பு வாசல் வரை போனேன். பலகை நிறையச் சீன எழுத்து, ஒவ்வொன்றும் கை அகலம். சேலைக் கொசுவம் முழுக்கச் சுண்ணக்கட்டித் தூள். ஒரு எழுத்தை எழுதி முடித்து, இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சரித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரியவே இல்லை. பையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கவிதையை எனக்கு வாசித்துக் காட்டுவது எப்படித் தொடங்கியது என்று சரியாக நினைவில்லை. அக்குறணையில் வாகன நெரிசலில் நின்றபோது என்றுதான் நினைக்கிறேன். பின் சீட்டில் இருந்து ஒரு தாளை எடுத்து வாசித்துவிட்டு, "வெளங்குதா?" என்று கேட்டார்.

"வெளங்குது மிஸ்" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமாங்க மிஸ்."

அன்றைக்கு அவர் முகம் கண்ணாடியில் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணமும் ஒரு கவிதை, சில நாள் இரண்டு. அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தன் மொழிபெயர்ப்பில் அடிக்குறிப்பே இருக்கக்கூடாது. சீனாவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு ஆளுக்கு வாசித்த உடனே விளங்க வேண்டும், விளங்காவிட்டால் திருத்தி எழுத வேண்டும். அந்த ஆளாக என்னை வைத்துக்கொண்டார்.

நான் எல்லாவற்றுக்கும் வெளங்குது என்றேன்.

இதை எப்படிச் சொல்வது? எனக்கு 'இல்லை' என்ற சொல் வராது. முடி வெட்டுகிறவர் ஒரு பக்கம் வழித்துவிட்டு எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பேன். தையற்கடையில் சட்டைக் கை முழங்கைக்கு மேலே நின்றாலும் சரி என்று வாங்கி வந்து வீட்டில் திட்டு வாங்குவேன். அத்தனை படித்த ஒருவர், இருபது தடவை அடித்துத் திருத்திய தாளை என்னிடம் வாசித்துவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போது, விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இன்னொரு பயமும் இருந்தது. விளங்காவிட்டாலும் அவர் வாசிப்பதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மூன்று வருடம் இப்படி ஓடியது.

அதில் ஒரு கவிதை. இரண்டு நண்பர்கள் ஆற்றோரம் நடந்து வருகிறார்கள். ஒருவன் தூர தேசத்துக்குப் போக வேண்டும். வழி திரும்பும் இடத்தில் மற்றவன் ஒரு மரக்கிளையை ஒடிக்கிறான். தண்ணீர் ஓடுகிறது. அவ்வளவுதான். இது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியதாக நினைத்தேன். எங்கள் மலைப் பாதையில் லொறியோ பஸ்ஸோ பழுதாகி நின்றால், வளைவுக்கு முன்னால் ஒரு கிளையை ஒடித்து ரோட்டில் போடுவோம். பின்னால் வருகிறவன் மெதுவாக வருவான். ஆகவே வண்டி பழுது, நண்பன் இன்றைக்குப் போகமாட்டான், இரண்டு பேரும் இன்னும் ஒரு நாள் சேர்ந்து இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. சிரித்துவிட்டேன்.

"ஏன் சிரிக்கிறீங்க? சோகமா இல்லியா?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். நிம்மதியா இருக்கு."

அவர் உடனே பேனாவை எடுத்தார். கட்டுகஸ்தோட்டை வரும் வரைக்கும் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார்.

கடைசியில் புத்தகம் முடிந்தது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, திரும்பி வரும் வழியில், முன்னுரையை வாசித்துக் காட்டினார். என்னைப் பற்றி ஒரு பக்கமே இருந்தது. தன் சாரதிக்கு விளங்காத ஒரு கவிதைகூட இந்த நூலில் இல்லை என்று எழுதியிருந்தார். பிறகு அந்தக் கிளைக் கவிதைக்கு வந்தார். பிரிந்து போகிறவருக்குக் கிளை ஒடித்துக் கொடுப்பது பழைய சீன வழக்கமாம், காலங்காலமாக எல்லோரும் கண்ணீரோடு படிப்பது அந்த இடமாம். தானும் அப்படித்தான் கற்பித்து வந்ததாகவும், பிரிவுக்கு அடியில் ஒரு நிம்மதி இருப்பதைத் தன் சாரதியின் சிரிப்பைப் பார்த்த பிறகே கண்டுகொண்டதாகவும், கடைசி வரியை அதற்கேற்ப மாற்றியதாகவும் எழுதியிருந்தார்.

எனக்குக் கால் பிரேக்கில் தானாக அழுந்தியது.

"என்னாச்சு?"

"நாய் ஒண்ணு மிஸ்" என்றேன். நாய் ஒன்றும் இல்லை.

அன்றிரவு சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரி விடவில்லை. "மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு? யார் மேலயாவது மோதிட்டீங்களா?"

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட சாமி! சீனாக்காரனுக்கு லொறி பிரேக்டவுனா?"

"சிரிக்காத. புத்தகமாவே வரப் போகுது."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப சொல்லிருங்க."

"எப்புடிச் சொல்றது?"

"வாயாலதான். படிச்ச நாலு பேரு அந்தப் புத்தகத்த வாங்கிப் பாத்து, யாருய்யா இந்த சாரதின்னு கேட்டா மிஸ்ஸுக்குத்தானே அசிங்கம்? ஒங்களுக்கு என்னா, பேர்கூட போடல."

புதன்கிழமை முழுவதும் வேனுக்குள்ளேயே இருந்து சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்து, 'மிஸ், எனக்கு வெளங்கல' என்று. வியாழன் காலை போகும்போது வாய் வரவில்லை. மிஸ் வேறு உற்சாகமாக இருந்தார், வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு அந்தக் கிளைக் கவிதையைத்தான் புதிய விதமாகச் சொல்லப் போகிறேன் என்றார். மரத்தடியில் காத்திருந்த மூன்று மணி நேரமும் அதே வரியைச் சொல்லிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ரயில் கேட் போட்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு முச்சக்கர வண்டி, பின்னால் ஒரு பஸ். எங்கேயும் போக முடியாது. நான் கண்ணாடியை விட்டுவிட்டு முழு உடம்பையும் பின்னால் திருப்பினேன். மூன்று வருடத்தில் அப்படித் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மிஸ், அந்தக் கிளைப் பாட்டு எனக்கு வெளங்கல."

"எது?"

"ரோட்டுல கிளை ஒடிச்சா வண்டி பிரேக்டவுன்னு நெனச்சிட்டேன் மிஸ். கூட்டாளி போகமாட்டான்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். அதான் சிரிச்சேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. நான்கே பெட்டி, சீக்கிரம் போய்விட்டது.

"அது ஒண்ணுதானா?"

"இல்ல மிஸ்."

"எத்தன?"

"எண்ணல மிஸ். பாதிக்குக் கிட்ட இருக்கும்."

கேட் திறந்தது. பின்னால் பஸ்காரன் ஹோனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. "மொதல்ல வண்டிய எடுங்க" என்றார். ஒரு கிலோமீட்டர் போன பிறகு, "ஓரமா நிப்பாட்டுங்க" என்றார். ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். இறங்கிப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். என் வேன் என்பதுகூட மறந்துவிட்டது.

"மூணு வருஷமா பொய்யா சொன்னீங்க?" என்றார். "ஒங்கள நம்பித்தானே நான் ஒரு அடிக்குறிப்புகூட போடல! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் பையின் ஸிப் திறக்கும் சத்தம் கேட்டது. முழுக் கட்டையும் வெளியே எடுத்து மடியில் வைத்தார். முதல் தாளை வாசித்தார்.

"வெளங்குதா?"

பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

"இல்ல மிஸ். வெளங்கல."

சொல்லி முடித்ததும் தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் அந்தச் சொல் எனக்கு வந்தது. வந்த பிறகு நிற்கவே இல்லை. கடைக்காரர் இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். அவை ஆறிப்போய் இன்னும் இரண்டு வந்தன. ஒரு கவிதையில் நிலா வெளிச்சத்தில் பெண்கள் கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்டு ஒருவன் கலங்குகிறான்.

"இதுல நீங்க என்ன பாத்தீங்க?"

"எல்கடுவத் தோட்டத்துல எங்க லயத்துத் தண்ணிப் பீலிதான் மிஸ். அம்மாமாரு எல்லாம் துணி தொவைப்பாங்க. அதுக்குப் போயி ஏன் அழுவுறான்னு வெளங்கல."

"தொவைக்கல. எல்லைக் காவலுக்குப் போன புருஷனுக்குக் குளிர் சட்ட தைக்க, துணிய அடிச்சு மிருதுவாக்குறாங்க."

"அப்ப புருஷன் தூரத்துல இருக்கான்னு பாட்டுல வரணுமே மிஸ்."

"வரக்கூடாது. மூலத்துல இல்ல."

"அப்ப வெளங்காதுதான் மிஸ்."

அவர் பேனாவை என் சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். "மூணு வருஷம் வாயத் தொறக்கல, இன்னக்கி என்னோடயே வாதாடுறீங்க!" என்றார். கோபம்தான். ஆனால் உதட்டின் ஓரம் அடங்கவில்லை. பிறகு வெடித்துச் சிரித்தார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "லொறி பிரேக்டவுன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இன்னக்கி அதத்தான் வகுப்புல பெரிசா வெளக்கிட்டு வந்திருக்கேன். ஏழு புள்ளைங்க. ஏழும் தலையாட்டுச்சுங்க." சிரிப்பு மெல்ல நின்றது. "அதுங்களுக்கும் வெளங்கலயோ என்னமோ."

விளங்கிய கவிதைகளும் இருந்தன. மழையில் நனைந்து வந்தவனுக்கு அடுப்பு மூட்டிக் கொடுக்கும் கவிதையை நான் உள்ளபடியே ரசித்திருந்தேன். அதைச் சொன்னபோது, "இத எப்புடி நம்புறது?" என்று கேட்டார். அடுப்பில் ஈர விறகு புகைவதால்தான் வந்தவன் கண் கலங்கியதை வீட்டுக்காரன் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவர் தாளை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். அதை மட்டும் தனியாக எடுத்து வலது பக்கம் வைத்தார். பொழுது சாயும்போது வலது பக்கம் விளங்கியவை ஒரு கட்டும் இடது பக்கம் விளங்காதவை அதைவிடப் பெரிய கட்டுமாக இருந்தன.

பல்லேபொலவில் இறங்கும்போது கேட்டேன். "முன்னுரையில என்னய எடுத்துருங்க மிஸ்."

"எடுக்க மாட்டேன். சுருக்கி, உள்ளதப் போடுவேன்" என்றார். "செவ்வாக்கெழம ஆறு மணிக்கே வாங்க. மெதுவாப் போவோம். நெறைய இருக்கு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரி அடுப்படியில் இருந்தபடியே, "வேலய விட்டுத் தூக்கலயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மிஸ் அச்சகத்துக்குப் போன் பண்ணி இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று சொன்னார். நான் வேனுக்கு ஒயில் மாற்றினேன்.