தறி நின்றால் கப்பல் பேசும்

கறுப்பு ரிசீவரைக் காதில் வைத்ததும் முதலில் வருவது பட்டுநூலின் வாசம். பிறகு எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஓர் இரைச்சல். அதற்கும் அடியில், எங்கோ தொலைவில், அப்பாவின் குரல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் எங்கள் தெருவுக்கே ஒரு தொலைபேசிதான். அது எதிர்வீட்டுப் பட்டு வியாபாரியிடம் இருந்தது. சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த அப்பா, கரையிலிருந்து கப்பல்களோடு பேசும் வானொலி நிலையம் ஒன்றின் வழியாக அதில் பேசுவார். இணைப்பு கிடைத்ததும் வியாபாரி உள்ளே பார்த்து, "தறிய நிறுத்துங்கப்பா, கப்பல் பேசுது!" என்று கத்துவார். ஆறு தறிகளும் நின்றுவிடும். நெய்த அளவுக்கே கூலி வாங்குகிறவர்கள் எங்களுக்காகக் கை கட்டி உட்கார்ந்திருந்தது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

அப்பாவின் பெயரை அம்மா சொல்லமாட்டார். "கப்பல் பேசிச்சா?" என்றுதான் கேட்பார். தெருவுக்கும் அப்பா வெறும் "கப்பல்காரர்".

எனக்கு ஐந்து வயதில் வங்கக் கடலில் பெரிய புயல் அடித்தது. வரவேண்டிய அழைப்பு நான்கு நாளாக வரவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடி, அந்த நிலையத்துக்கே போன் போடச் சொன்னார். தறிகள் நின்றன. ஆபரேட்டரின் குரல் ரிசீவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"கப்பல்ல யாருகிட்ட பேசணும்?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"பேரு சொல்லும்மா."

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஜல்தி சொல்லும்மா, லைன் போய்டும்!" என்றார் வியாபாரி. அவருக்கும் பெயர் தெரியாது. தறியிலிருந்த ஒருவர், "புருஷன் புயல்ல மாட்டிகினு கீறாரு, இப்பகூட வெக்கமா ஒனக்கு?" என்று சீண்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில் எனக்கு "அப்பா" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "விக்டர், டாங்கோ" என்று தொடங்கி நான்கு சொற்களைச் சொன்னார். அப்பாவின் கடிதங்களின் அடியில் எப்போதும் தமிழில் எழுதியிருக்கும் சொற்கள்; அவர் கப்பலின் அழைப்புக் குறி. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கலாம். ஆனால் அழைப்புக் குறி ஒவ்வொரு கப்பலுக்கும் தனி. இரைச்சலில் எழுத்துகள் குழம்பாமலிருக்க, எழுத்துக்கு ஒரு சொல்லாகச் சொல்வார்கள். இங்கிலீஷ் படிக்காத அம்மா அதை மந்திரம்போல மனப்பாடம் செய்திருந்தார்.

"அட, அந்தக் கப்பல் ரேடியோ ஆபீசர் வீடா? காலையிலகூட அவருதாம்மா எங்ககிட்ட பேசினாரு. புயலுக்கு ஒதுங்கிப் போய்கினு இருக்காங்க. எல்லாரும் சௌக்கியம்."

பெயரே தேவைப்படவில்லை. அந்தக் கப்பலின் குரலே அப்பாதான். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, "தறியப் போடுங்கண்ணா" என்று மட்டும் சொல்லி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்று என் மகள் கப்பலில் அதிகாரியாக இருக்கிறாள். இப்போதெல்லாம் கப்பல்கள் தம் பெயரையும் இருக்குமிடத்தையும் தாமே ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. என் கைப்பேசி வரைபடத்தில் அவள் கப்பல் ஒரு சிறு அம்புக்குறி. போன வாரம் அது இரண்டு நாள் காணாமல் போனது. அவளிடமிருந்தும் செய்தி இல்லை. அவள் கம்பெனிக்குப் போன் செய்தேன். கப்பல் பெயர் கேட்ட பையனிடம், என்னையறியாமல் அழைப்புக் குறியைச் சொற்களாகச் சொன்னேன். "தூரமாப் போய்ட்டா கரை ஆன்டெனாவுக்கு சிக்னல் எட்டாதும்மா. எங்களுக்கு தினமும் ரிப்போர்ட் வந்துகினுதான் இருக்கு," என்றான் அவன். சாயங்காலம் மகளின் செய்தியும் வந்தது.

அப்பா இப்போது இல்லை. ரேடியோ ஆபீசர் என்ற பதவியும் கப்பல்களிலிருந்து போய்விட்டது. முகம் தெரியாத அந்த ஆபரேட்டருக்கும், கை கட்டி உட்கார்ந்திருந்த அந்த ஆறு பேருக்கும் நான் நன்றி சொன்னதேயில்லை.

அன்று மகளின் செய்தி வந்ததும் அம்மா உள்ளிருந்து, "கப்பல் பேசிச்சா?" என்று கேட்டார்.

"பேசிச்சும்மா."

அதே எதிர்வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. அருகே போய், காதோடு இன்னொரு முறை சொன்னேன்.